வானம் தெளிவு, குளிர் கடுமை: பனிச்சரிவு பற்றி சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் பிறந்ததும் சென்னையிலிருந்து கேதார்காந்தா, குவாரி பாஸ், குல்மார்க், மணாலி என்று மூட்டை கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: "மேகமில்லை, நல்ல குளிர். பனி கெட்டியாகத்தான் இருக்கும், சரியாது." இதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கொல்கிறது.

வானம் நீலமாக இருக்கிறது, ராத்திரி மைனஸ் 15. இந்த நிலைமையில் பனிச்சரிவு வருமா?

வரும். பனி கொட்டும்போது பெரும்பாலோர் கூடாரத்திலோ விடுதியிலோ முடங்கிவிடுவார்கள். வானம் வெளுத்த முதல் நாள்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் மலைமேல் நிற்பார்கள். அன்றைக்குப் புதுப் பனி கீழே உள்ள பனியோடு இன்னும் சரியாக ஒட்டியிருக்காது. மேலைநாடுகளில் பொழுதுபோக்காக மலைக்குப் போய் பனிச்சரிவில் இறந்தவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு, அதைக் கிளப்பிவிட்டது அவர்களுடைய எடையோ கூட வந்தவர்களின் எடையோதான்.

தெளிந்த வானம் இன்றைய நிலவரம் மட்டும். நீங்கள் கால் வைக்கும் பனியில் நவம்பரிலிருந்து விழுந்தவை எல்லாம் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அந்த அடுக்குகளில் ஒன்று பலவீனமாக இருந்தால் போதும்.

பனிச்சரிவு என்றால் சரியாக என்னதான் நடக்கிறது?

இரண்டு விதம். ஒன்று, தளர்ந்த பனி ஒரு புள்ளியில் உதிர ஆரம்பித்து, கீழே போகப் போக விசிறிபோல் அகலமாவது. பெரும்பாலும் சிறியது, ஆனால் ஆளைப் பள்ளத்தில் தள்ளப் போதும்.

இரண்டாவது, ஸ்லாப். இதுதான் அதிகம் பேரைக் கொல்வது. காற்றோ சொந்த எடையோ அழுத்தி மேலடுக்கு ஒரு பலகையாக இறுகியிருக்கும். அதற்குக் கீழே ஒட்டாத, உதிரியான ஒரு மெல்லிய அடுக்கு. அந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால், நொறுங்கல் பக்கவாட்டில் ஓடும். மேலே உள்ள பலகை மொத்தமாக அறுந்து கிளம்பும். நீங்கள் அதன் நடுவில் நிற்பீர்கள். விரிசல் பெரும்பாலும் உங்களுக்கு மேலே விழும், ஓடித் தப்ப வழி இருக்காது.

எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். அந்தப் பரப்பில் அரை மீட்டர் கனமுள்ள பலகை. காற்றால் ஓரளவு இறுகிய பனி ஒரு கன மீட்டர் 250 கிலோ என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 28 டன். மலையில் ஒரு கிரவுண்டு என்பது மிகச் சிறிய சரிவு.

குளிர் பனியை இறுக்கும்தானே? ஃப்ரீசரில் வைத்த மாதிரி?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற பதில்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

பனிக்குக் கீழே உள்ள தரை, குளிர்காலம் முழுக்க பூஜ்யம் டிகிரியை ஒட்டியே இருக்கும். பூமியின் சூடு கொஞ்சம் இருக்கிறது, பனியே போர்வையாகவும் இருக்கிறது. பனியின் மேற்பரப்போ தெளிந்த இரவில் மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கிவிடும். கீழே வெதுவெதுப்பு, மேலே கடுங்குளிர். இந்த வித்தியாசத்தால் பனிக்குள் இருக்கும் நீராவி கீழிருந்து மேலே நகரும். நகரும் வழியில் மேலே உள்ள குளிர்ந்த துகள்களில் படிந்து உறையும். வித்தியாசம் குறைவாக இருந்தால் துகள்கள் உருண்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கு வலுவாகும். வித்தியாசம் மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியைத் தாண்டினால் கதை மாறும். படிதல் வேகமாக நடந்து, துகள்கள் கூர்மையான முனைகளோடு, பட்டை தீட்டியதுபோல் வளரும். ஒன்றோடொன்று ஒட்டும் கழுத்துப் பகுதிகள் கரைந்து போகும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை பிடிக்க வராது, விரல் இடுக்கில் உதிர்ந்து கொட்டும். தரையை ஒட்டி வளர்ந்தால் இதை டெப்த் ஹோர் என்கிறார்கள். சில மில்லிமீட்டர் அளவுக்கு, கோப்பை வடிவில், ஓரத்தில் வரி வரியாக வளர்ந்திருப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆகவே கடுங்குளிர் தானாகப் பனியை இறுக்குவதில்லை. ஆழமாகக் குவிந்த பனியில், மிதமான குளிரில், பனி இறுகும். மெல்லிய பனியில், தெளிந்த வானத்தின்கீழ், கடுங்குளிரில், அடிப்பகுதி அழுகும். அடுத்த பெரிய பனிப்பொழிவு அந்த அழுகிய அடித்தளத்தின்மேல் விழும்.

இன்னொன்றும் உண்டு. பலவீனமான அடுக்கு ஏற்கெனவே உருவாகிவிட்டால், குளிர் அதை அப்படியே வைத்துக் காப்பாற்றும். ஃப்ரீசர் உதாரணம் பொருந்துவது இங்கேதான்.

இந்த வருஷம் பனி குறைவு என்கிறார்கள். அப்படியானால் ஆபத்தும் குறைவுதானே?

மேலே சொன்ன கணக்கையே போடுங்கள். தரை பூஜ்யம், மேற்பரப்பு மைனஸ் 15. பனி 2 மீட்டர் கனமென்றால் மீட்டருக்கு 7.5 டிகிரிதான். அதே குளிரில் பனி வெறும் 50 சென்டிமீட்டர் என்றால் மீட்டருக்கு 30 டிகிரி. மேலே சொன்ன 10 டிகிரி எல்லையைப்போல மூன்று மடங்கு.

டிசம்பரில் கொஞ்சம் பனி, அப்புறம் மூன்று வாரம் பளிச்சென்ற வானம், ஜனவரி கடைசியில் ஒரு பெரிய மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து இமயமலைக்குப் பனி கொண்டுவரும் வானிலை) வந்து ஒரு மீட்டர் கொட்டுகிறது. பனிச்சரிவுக்கு இதைவிடப் பொருத்தமான வரிசையை யோசிப்பது கஷ்டம். நாம் இங்கே வங்கக்கடல் தாழ்வு மண்டலத்தை மணிக்கு மணி பார்ப்பதுபோல, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அந்தப் பக்கம் பனி எப்போது விழுந்தது, எப்போது நின்றது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். முந்தைய நாள் மட்டும் பார்த்தால் போதாது.

லடாக், காரகோரம் பக்கம் பனி குறைவு, குளிர் அதிகம். ஆகவே அடித்தளப் பிரச்சினை அங்கே அதிகம். குல்மார்க் இருக்கும் பீர் பஞ்சால் தொடரில் பனி அடர்த்தியாகக் கொட்டும், வெப்பமும் கொஞ்சம் அதிகம். அங்கே புதுப் பனியின் பாரமே முதல் கவலை.

காலையில் பனிமேல் இறகு இறகாக ஏதோ மின்னுகிறது. போட்டோவுக்கு அருமையாக இருக்கிறது. அது என்ன?

சர்ஃபேஸ் ஹோர். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் ஊட்டி தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் படங்கள் வருடா வருடம் பேப்பரில் வருமே, அதே சங்கதிதான். காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே இருந்தாலும் புல் உறைந்துவிடும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு வீசிவிட்டு, காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. பனி இந்த வேலையில் புல்லைவிடக் கெட்டிக்காரன். அமைதியான இரவில் பனியின் மேற்பரப்பு காற்றைவிட 10 டிகிரி, சில சமயம் அதற்கும் மேல் குளிர்ந்துவிடும். காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் இறகுகளாக உறையும். ஓடைக்கரை, பள்ளத்தாக்கின் அடி, மரங்களுக்கு நடுவில் உள்ள வெட்டவெளி ஆகிய இடங்களில் அதிகம் பார்க்கலாம்.

மேலே இருக்கும்வரை அது பாட்டுக்கு இருக்கும். காற்று வீசினாலோ வெயில் பட்டாலோ அழிந்தும் போகும். அழிவதற்கு முன் அதன்மேல் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால்தான் சிக்கல். நட்டுவைத்த சீட்டுக்கட்டுபோல் நிற்கும் அந்தப் படிகங்கள் வாரக்கணக்கில் புதைந்து கிடந்து, ஒருவர் நடக்கும் எடைக்குச் சாய்ந்துவிடும். நிழலான வடக்குச் சரிவுகளில் இது வெகுநாள் தாக்குப்பிடிக்கும்.

பனிப்பொழிவு நின்றபின் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

"இரண்டு நாள்" என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. புதுப் பனியின் பிரச்சினை மட்டும் என்றால் அது ஓரளவு சரி. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கும், கடுங்குளிரில் இன்னும் தாமதமாகும். கீழே சர்ஃபேஸ் ஹோரோ டெப்த் ஹோரோ இருந்தால் நாள் கணக்கே செல்லாது. வாரங்களாகும். இது எந்த வகைப் பிரச்சினை என்று தெரியாமல் நாளை மட்டும் எண்ணுவதில் அர்த்தமில்லை.

பனி பெய்யவே இல்லை, ஆனால் காற்று பலமாக இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகக் காற்றே உலர்ந்த தளர்பனியை அள்ளிக்கொண்டு போய்விடும். மலைமுகட்டின் ஒரு பக்கத்திலிருந்து அள்ளி, மறு பக்கத்தில், காற்று படாத மறைவில் கொட்டும். வானத்திலிருந்து ஒரு துளி விழாமலேயே அந்த மறைவுச் சரிவில் சில மணி நேரத்தில் ஒரு பனிப்பொழிவு அளவுக்குப் பாரம் ஏறிவிடும். இதைத்தான் விண்ட் ஸ்லாப் என்கிறார்கள்.

நீல வானத்தின் முன்னால் முகட்டிலிருந்து வெள்ளைக் கொடிபோல் பனித்தூள் பறந்தால், எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கச் சரிவில் போகாதீர்கள். காலடியில் பனி மந்தமாக, பொத்துப் பொத்தென்று பறைச்சத்தம் கொடுத்தாலும் அதே எச்சரிக்கைதான். முகட்டின் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனி விளிம்பின்மேல் நின்று செல்ஃபி எடுப்பவர்களை என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அது எங்கே உடையும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதைவிட உள்ளே தள்ளித்தான் உடையும்.

விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் இறங்கிவிட்டால் பாதுகாப்பு என்கிறார்களே?

முன்னுரையில் பாதி உண்மை என்று சொன்னது இதைத்தான். மார்ச், ஏப்ரலில் பகலில் நனைந்து இரவில் உறையும் பனிக்கு இந்த விதி பொன்னானது. தெளிந்த இரவு பனியைக் கல்லாக உறைய வைக்கும். காலையில் மேலே ஓடு தட்டியிருக்கும், நடக்கவும் சுகம். கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. பனி உருண்டைகள் தாமாக உருள ஆரம்பித்தாலோ, பூட்ஸ் கணுக்கால் தாண்டிப் புதைந்தாலோ நேரம் முடிந்துவிட்டது.

ஜனவரியின் உலர்பனிக்கு இந்த விதி உதவாது. புதைந்திருக்கும் பலவீனமான அடுக்குக்கு மணி என்ன என்று தெரியாது. அதிகாலை நான்கு மணிக்கும் நொறுங்கும்.

எந்தச் சரிவு ஆபத்து என்று பார்த்தே சொல்ல முடியுமா?

கோணம் பாருங்கள். ஸ்லாப் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் கிளம்புபவை. 38 பாகையைச் சுற்றி மிக அதிகம். இதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30-க்குக் கீழே கிளம்புவது அரிது.

30 பாகை எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் சென்னை தட்டையான ஊர். ஆனால் உங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படி இருக்கிறது. ஒரு படியின் உயரம் 6 அங்குலம், அகலம் 10 அங்குலம் என்றால் சாய்வு 31 பாகை. உயரம் 7 அங்குலமானால் 35. லிஃப்ட் நின்றுபோன நாளில் ஏறுகிறீர்களே, அந்தச் சாய்வுதான் பனிச்சரிவின் சாய்வு. போன் காம்பஸில் உள்ள சாய்வுமானியைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கண்ணுக்குப் பழக்குங்கள். மலையில் வாக்கிங் ஸ்டிக்கைச் சரிவோடு படுக்க வைத்து, அதன்மேல் போனை வைத்தால் கோணம் வந்துவிடும். சந்தேகமான சரிவின் நடுவில் போய் அளக்க வேண்டாம். அதே சாய்வுள்ள சிறிய மேட்டில் அளக்கலாம்.

கோணத்துக்கு அடுத்து, சரிவு எங்கே முடிகிறது என்று பாருங்கள். கீழே ஓடைப் பள்ளமோ பாறை விளிம்போ இருந்தால், முழங்கால் அளவுப் பனி வந்தாலும் உயிருக்கு ஆபத்து. பள்ளத்தில் சேரும் பனி ஆழமாகக் குவியும்.

நாங்கள் டிரெக்கிங்கே போகவில்லை, குடும்பத்தோடு டூர்தான். எங்களுக்கு இது வேண்டுமா?

வேண்டும். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில் பனிச்சரிவு விழுந்து சுற்றுலாப் பயணிகள் 7 பேர் இறந்தார்கள். மலையேறியவர்கள் இல்லை, காரில் வந்து, பனியில் விளையாட இறங்கியவர்கள். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டில் பத்ரிநாத்துக்கு அருகே மாணா கிராமத்தில், எல்லைச் சாலை அமைப்பின் முகாம்மீது விழுந்ததில் 8 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் இருந்தது முகாமில், சரிவில் இல்லை.

பனிச்சரிவு செங்குத்தில் பிறந்தாலும் சமதளத்தில்தான் வந்து நிற்கிறது. காட்டின் நடுவே மேலிருந்து கீழ்வரை நேராக மரமே இல்லாத ஒரு பட்டை தெரிந்தால் அது பனிச்சரிவு வழக்கமாக வரும் பாதை. ஓரத்து மரங்களில் மேட்டுப் பக்கக் கிளைகள் மட்டும் முறிந்திருக்கும். அதன் வாயில் இருக்கும் புல்வெளி பெரும்பாலும் அழகாக, விசாலமாக, கூடாரம் அடிக்கவும் ஸ்லெட்ஜ் விடவும் தோதாக இருக்கும். அங்கே நிற்காதீர்கள். மணாலி, சிஸ்ஸு பக்கம் போகிறவர்கள், போலீஸ் தடுப்பு போட்ட இடத்தைத் தாண்டி "இன்னும் கொஞ்சம் மேலே நல்ல பனி இருக்கு சார்" என்று கூப்பிடும் டாக்சி அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நடக்கும்போதே தெரியும் அறிகுறிகள் உண்டா?

உண்டு. பக்கத்துச் சரிவில், அதே உயரத்தில், அதே திசை பார்த்த இடத்தில் புதிதாக ஒரு பனிச்சரிவு விழுந்திருந்தால் அதற்குமேல் ஆதாரம் தேவையில்லை. காலடியில் "வும்ப்" என்று ஓர் அமுங்கிய சத்தம் கேட்டு, பனி ஒரு சென்டிமீட்டர் இறங்கியதுபோல் தோன்றினால், கீழே பலவீனமான அடுக்கு நொறுங்கிவிட்டது; சமதளத்தில் இருந்ததால் பிழைத்தீர்கள். கால் வைத்த இடத்திலிருந்து விரிசல் அம்புபோல் ஓடினாலும் அப்படியே. முதல் நாள் பலத்த பனியோ காற்றோ இருந்தாலும், வெப்பநிலை சட்டென்று ஏறினாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

சிக்கல் என்னவென்றால், தெளிந்த குளிர் நாட்களில் இந்த அறிகுறிகள் ஒன்றுகூடத் தெரியாமலும் இருக்கலாம். ஐம்பது பேர் நடந்த தடத்தில் ஐம்பத்தொன்றாவது ஆள், பலகை மெலிந்த ஓரிடத்தில் கால் வைத்துவிடலாம். தடம் இருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது.

பனியில் குழி தோண்டிப் பார்ப்பார்களே, அதை நாங்களே செய்யலாமா?

கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். ஆபத்தில்லாத இடத்தில், நீங்கள் போகவிருக்கும் சரிவின் அதே திசையில், ஒரு மீட்டருக்குமேல் தோண்டி, குழியின் சுவரை நேராகச் சீவுங்கள். மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்கிலும் கையை மெதுவாக அழுத்துங்கள். கையுறையோடு முஷ்டியே உள்ளே போனால் மிக மென்மை. அடுத்து நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கடைசியாகக் கத்தி மட்டுமே இறங்கும் கடினம். மேலே பென்சில், அதற்குக் கீழே சட்டென்று முஷ்டி என்று வந்தால், பலகையும் அதன் பலவீனமான அடியும் உங்கள் கண் முன்னால்.

அப்புறம் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் தூணாக வெட்டி, மேலே மண்வெட்டித் தகட்டை வைத்து மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில், எப்படி அறுந்தது என்று பார்ப்பார்கள். மோசமான விடை வந்தால் நம்பித் திரும்புங்கள். நல்ல விடை வந்தால் அந்தக் குழிக்கு மட்டும் நல்லது. இருபது அடி தள்ளி வேறு மாதிரி இருக்கும்.

இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்பு கிடைக்கிறதா?

கிடைக்கிறது. சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் வெளியிடுகிறது. 1969-இல் மணாலியில் தொடங்கிய சாசே என்ற பனி ஆய்வு மையம்தான் 2020-இல் இன்னொரு ஆய்வகத்தோடு இணைந்து இந்தப் பெயரைப் பெற்றது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களும் அதையே மாவட்ட வாரியாக, எத்தனை மீட்டர் உயரத்துக்குமேல் என்பதோடு எடுத்துப் போடுகின்றன. அபாய அளவு 1 முதல் 5 வரை. நம் ஆட்கள் தவறாகப் படிப்பது 3-ஐ. ஐந்துக்கு மூன்று, நடுத்தரம், பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். 3 என்றாலே சில சரிவுகளில் ஒரே ஆளின் எடைக்குக் கிளம்பும் என்று பொருள். 4, 5 என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். 3-இல்தான் கிளம்பிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே எண் என்பது மிகப் பொதுவான தகவல். உங்கள் பாதையில் உள்ள ஒரு குறிப்பிட்ட சரிவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கைடு இருக்கிறார். அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

நல்ல கைடு நிறையப் பார்த்துக்கொள்வார். ஆனால் 2022 அக்டோபர் 4-ஐ நினைவில் வையுங்கள். உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையக் குழு, 5,670 மீட்டர் உயர திரௌபதி கா டண்டா 2 சிகரத்துக்கு அருகே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. இறந்தவர்களில் அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் ஏறிய பயிற்றுநரும் ஒருவர். அனுபவசாலி பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக நம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: பாதையில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவு எங்கே வருகிறது, அதை ஒவ்வொருவராகக் கடக்க வைப்பீர்களா, கடைசியாக எந்தத் தேதியில் எந்தக் காரணத்துக்காகக் குழுவைத் திருப்பி அழைத்து வந்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு "அப்படி நடந்ததே இல்லை சார், 100 பர்சென்ட் சம்மிட்" என்று பெருமையாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சத்தம் போட்டால் பனி சரியுமா?

சரியாது. சினிமா.

என்ன கருவிகள் வாங்க வேண்டும்?

மூன்றும் சேர்ந்தால்தான் ஒன்று: டிரான்ஸீவர், ப்ரோப், மண்வெட்டி. டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக் கண்டுபிடிப்பார்கள். ப்ரோப் குத்திப் பார்க்கும் நீள மடக்குக் கம்பி. மண்வெட்டி உலோகத் தகடாக இருக்கட்டும். நின்றுபோன பனிச்சரிவு கான்கிரீட்டாக இறுகியிருக்கும், பிளாஸ்டிக் வளைந்துவிடும். போனை டிரான்ஸீவரை ஒட்டி வைக்காதீர்கள். அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

ஒருவரிடம் மட்டும் இருந்து பயனில்லை, குழுவில் எல்லோரிடமும் இருக்க வேண்டும், எல்லோருக்கும் பழக்கமும் வேண்டும். பழக்கத்துக்குப் பனி தேவையில்லை. பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஒரு டிரான்ஸீவரைப் பையில் சுற்றிப் புதைத்துவிட்டு, நேரம் வைத்துத் தேடிப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டால்?

கத்துங்கள், பக்கவாட்டில் விலகப் பாருங்கள், மேலே மிதக்கப் போராடுங்கள். வேகம் குறையும்போது கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் செய்யுங்கள். நின்றபின் விரலைக்கூட அசைக்க முடியாது.

வெளியே இருப்பவர்கள், ஆள் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். முதல் 10 நிமிடத்தில் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு விழுந்துவிடும். மூச்சடைப்புதான் முக்கியக் காரணம். 112-ஐக் கூப்பிட ஓர் ஆள் போதும், மற்றவர்கள் தோண்டுங்கள். ஹெலிகாப்டர் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வராது.

சியாச்சினில் ஒரு வீரரை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்களே?

ஆமாம். 2016 பிப்ரவரி 3 அன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் 8-ஆம் தேதி உயிரோடு மீட்கப்பட்டு, 11-ஆம் தேதி டெல்லியில் இறந்தார். அப்படி ஒருவர் ஆறு நாள் தாங்கியது அபூர்வத்திலும் அபூர்வம். நம் திட்டத்தை அதன்மேல் போட முடியாது.

முறையாக எங்கே கற்கலாம்?

உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி, பஹல்காம் ஆகிய ஊர்களில் உள்ள அரசுப் பயிற்சி நிலையங்களில் அடிப்படை மலையேற்றப் பயிற்சி கிடைக்கும். கிட்டத்தட்ட ஒரு மாதம் லீவு வேண்டும், இடம் முன்கூட்டியே நிரம்பிவிடும்.

லீவு போட்டாச்சு, டிக்கெட் போட்டாச்சு. அங்கே போய் ஆபத்து என்றால் பணம் போய்விடுமே?

நியாயமான கவலை, இதனாலேயே பலர் போகக்கூடாத நாளில் போகிறார்கள். ஆகவே முடிவை மலையடிவாரத்தில் எடுக்காமல் சென்னையிலேயே பாதி எடுத்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள். டேராடூனிலிருந்து டெல்லி வந்து அன்றிரவே தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிப்பதாகத் திட்டம் போட்டவர்கள், சிகர நாளில் "இன்றைக்கு விட்டால் முடியாது" என்ற நெருக்கடியோடுதான் நிற்பார்கள். ரத்து, தேதி மாற்றம் பற்றிய விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே அடிவார முகாமிலிருந்து காட்டுக்குள்ளேயே, 25 பாகைக்குக் கீழே, மேலே பெரிய சரிவு தொங்காத ஒரு மாற்றுப் பாதையை ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுக் குறித்து வையுங்கள். சிகரம் கிடைக்காத நாளில் தேவதாரு மரங்களுக்கு நடுவே ஆறு மணி நேரம் நடந்துவிட்டு வரலாம், மேகி அங்கேயும் கிடைக்கும்.